ஆலையூர்களில் பிறந்த ஆட்டம்

சென்னையிலிருந்து பூந்தமல்லி வழியாக மேற்கே செல்லும் நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கம் ஏரியைக் கடந்து போகிறவர், ஒரு தலைமுறைக்கு முன்புவரை ஏரிப் பாசனத்து நெல் வயல்களும் வேர்க்கடலைக் கொல்லைகளும் பனை வரிசைகளுமாய் இருந்த நிலம், இருங்காட்டுக்கோட்டை தொடங்கி ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வரையிலும், தெற்கே வல்லம் வடகால், ஒரகடம் வரையிலும், நீண்ட மதில்களுக்குள் அடங்கிய தொழிற்சாலைகளின் பிரதேசமாக மாறிவிட்டதைக் காண்பார். ராமாநுஜரின் அவதார ஸ்தலம் என்று பல நூற்றாண்டுகளாகப் பெயர் பெற்றிருந்த ஊருக்கு அருகில், 1998 இல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2000 இல் கண்ணாடி உற்பத்தி ஆரம்பமாயிற்று. 2006 இல் நோக்கியா கைபேசிகள் வந்தன. 2010 இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் கார்களும் அப்பல்லோ டயர்களும், 2012 இல் டெய்ம்லர் லாரிகளும் உற்பத்தியாயின. ஐ.டி.ஐ. படித்தவர்களும் டிப்ளமோ முடித்தவர்களுமான இளைஞர்கள், தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்து, வாடகை அறைகளில் தங்கி, கம்பெனி பஸ்ஸில் ஏறி, ஷிப்டு முறையில் உழைக்கின்ற இந்த வட்டாரத்தைப் பார்க்கும்போதெல்லாம், இதே விதமாக இளமையும் தேகபலமும் ஆலை வாசலில் வந்து குவிந்த வேறொரு தேசத்து ஊர்களில் என்ன நிகழ்ந்தது என்ற நினைவு எனக்கு எழுவதுண்டு. அங்கே ஓர் ஆட்டம் தொழிலாயிற்று. அந்தத் தொழிலுக்குள் லைன்பேக்கர் என்ற ஒரு தனி உத்தியோகமும் உண்டாயிற்று.

அமெரிக்கக் கால்பந்து என்று பெயரிருந்தாலும், அது பெரும்பாலும் கையில் பந்தை ஏந்தி ஓடுகிற ஆட்டம். அணிக்குப் பதினொருவர், பந்தை உடைய அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜ தூரம் முன்னேற வேண்டும், எதிரணி அதைத் தடுக்க வேண்டும். தடுக்கிற அணியின் முதல் வரிசையில் மிகப் பருத்த உடலினர் எதிரிகளோடு முட்டி நிற்க, அவ்வரிசைக்குச் சில அடி பின்னால், முழங்காலைச் சற்றே மடக்கி, எதிரணியின் கண்ணசைவையும் காலடியையும் படித்துக்கொண்டு நிற்பவரே லைன்பேக்கர். பந்து ஓட்டமாக வந்தால் அவர் பாய்ந்து மறித்து வீழ்த்த வேண்டும். எறிபந்தாக வந்தால் பின்னோக்கி ஓடி, வாங்க வருபவரை நிழல்போல் தொடர வேண்டும். சந்தர்ப்பம் நேர்ந்தால் எறிபவர் மீதே பாய வேண்டும். இந்த மூன்றில் எது என்பதை ஒரு கணத்துக்குள் நிச்சயிக்க வேண்டியிருப்பதால், மல்லனின் உடலும் மந்திரியின் மதியும் ஒருவரிடமே சேர்ந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற ஸ்தானம் அது.

நம் சடுகுடு ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு இதை விளக்குவது கடினமன்று. பாடி வருபவன் கோட்டைத் தாண்டிய மாத்திரத்தில், கார்னரில் நிற்பவர் அவனுடைய கணுக்காலைக் கண்ணால் அளந்துகொண்டும், கவரில் நிற்பவர் அவன் திரும்புகிற திசையை மறிக்கத் தயாராகியும், அவசரப்பட்டால் புள்ளி போகும், தாமதித்தால் ஆள் போய்விடுவான் என்ற நெருக்கடியில் நிற்கிறார்களே, அந்தக் கணத்தின் சுபாவமும் லைன்பேக்கர் நிற்கும் கணத்தின் சுபாவமும் ஒன்றுதான்.

மிச்சிகன் சர்வகலாசாலையில் 1904 ஆம் ஆண்டை ஒட்டி ஆடிய ஜெர்மனி ஷுல்ஸ் என்பவர், வரிசையின் நடுவில் நிற்க வேண்டியவராயிருந்தும், அதைவிட்டு ஓரடி பின்வாங்கி நின்று தடுக்கும் பழக்கத்தைத் தொடங்கினார் என்றும், லைன்பேக்கர் என்ற ஸ்தானம் அங்கிருந்தே பிறந்தது என்றும் அந்த ஆட்டத்தின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்லுவார்கள். அக்காலத்தில் ஆட்டம் மிகக் குரூரமாயிருந்தது. மாணவர்கள் மைதானத்திலேயே உயிரிழக்க நேரிட்டதால், 1905 இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்டே பெரிய கலாசாலைகளின் பிரதிநிதிகளை அழைத்துப் பேசும்படியாயிற்று. மறு ஆண்டு, பந்தை முன்னோக்கி எறிவது விதிகளில் அனுமதிக்கப்பட்டது. ஆட்டம் அகன்று விரியவே, பின்னால் நின்று நிதானிக்கிற ஆளின் மதிப்பும் காலக்கிரமத்தில் உயர்ந்தது.

கலாசாலைகளில் பிறந்த அந்த ஆட்டத்தை ஜீவனோபாயமாக்கியவை ஆலையூர்களே. எஃகு நகரமான பிட்ஸ்பர்க்கில் 1892 நவம்பர் 12 அன்று அலெகெனி சங்கத்துக்காக ஆடிய பட்ஜ் ஹெஃபல்ஃபிங்கருக்கு 500 டாலர் கொடுக்கப்பட்டதாக அச்சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கிறது. கூலி பெற்று ஆடியவர்களில் முதல்வர் என்று அவரையே கொள்ளுகிறார்கள். எதிராளியின் கையிலிருந்து நழுவிய பந்தை எடுத்துக்கொண்டு ஓடி, அன்றைய ஆட்டத்தை அவரே வென்று கொடுத்தார் என்பதும் பதிவாகியிருக்கிறது. அதன்பின் பென்சில்வேனியாவிலும் ஓஹையோவிலும் சுரங்க ஊர்கள், உருக்காலை ஊர்கள் பலவும் தமக்கென அணிகளை வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. ஆறு நாள் வேலை செய்த தொழிலாளிக்கு ஓய்வு நாள் அது ஒன்றே.

இந்தச் சிதறிய முயற்சிகளெல்லாம் ஒரு சங்கமாகக் கூடியது 1920 செப்டம்பர் 17 அன்று. கூடிய இடம், ஓஹையோ மாநிலத்துக் கான்டன் நகரில் ரால்ஃப் ஹே என்பவர் ஹப்மொபீல் கார்கள் விற்றுவந்த காட்சிக்கூடம். வந்தவர்களுக்குப் போதுமான நாற்காலி இல்லாமையால், விற்பனைக்கு நின்ற கார்களின் ஓரப்படிகளில் அமர்ந்தே அவர்கள் சங்கத்தின் விதிகளைப் பேசினார்கள். பிற்பாடு என்.எஃப்.எல். என்று உலகமறிந்த லீக், கார்களின் நடுவில் கார் வியாபாரி ஒருவரின் உபசரிப்பில் தோன்றியது என்ற செய்தி, ஒரகடம் சாலையில் வாழ்கிறவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது.

அங்கே வந்திருந்தவர்களுள் ஜார்ஜ் ஹாலஸ் என்ற இளைஞர் ஒருவர். இல்லினாய் மாநிலத்து டிகேட்டர் ஊரில் சோளத்திலிருந்து மாவுச்சத்து எடுக்கும் ஆலை வைத்திருந்த ஏ.இ. ஸ்டேலி, தம் ஆலையின் பெயரால் ஓர் அணி அமைத்து நடத்தும்படி அவரை நியமித்திருந்தார். ஆட்டக்காரர்கள் ஆலையில் வேலை செய்தார்கள். வேலை நேரத்திலேயே தினந்தோறும் இரண்டு மணி நேரம் பயிற்சிக்கென விடுவிக்கப்பட்டார்கள். இந்த இரண்டு மணி நேரத்தை நான் மிகவும் பெரிதாக மதிக்கிறேன். பரிசும் பாராட்டும் கொடுப்பது எந்த முதலாளிக்கும் எளிது. யந்திரம் ஓடுகிற வேளையில் தொழிலாளியின் நேரத்தை அவனுடைய ஆட்டத்துக்கென்று விட்டுக்கொடுப்பது அவ்வளவு எளிதன்று. அடுத்த ஆண்டே செலவு தாங்காமல் ஸ்டேலி அந்த அணியை ஹாலஸிடம் ஒப்படைத்து, 5,000 டாலரும் தந்து, சிகாகோவுக்கு அனுப்பிவைத்தார். அதுதான் இன்றைய சிகாகோ பேர்ஸ்.

விஸ்கான்சின் மாநிலத்துக் கிரீன் பே ஊரின் கதை இதைவிட விசேஷமானது. அங்கே இந்தியன் பேக்கிங் கம்பெனி என்ற இறைச்சி டப்பா ஆலையில் சரக்கு அனுப்பும் குமாஸ்தாவாக இருந்த கர்லி லாம்போ, 1919 இல் ஓர் அணி சேர்த்து, சீருடைகளுக்கும் மைதானத்துக்கும் தம் முதலாளியின் உதவியைக் கேட்டார். கம்பெனி 500 டாலர் கொடுத்தது. அதனால் அணிக்குப் ‘பேக்கர்ஸ்’ என்ற பெயர் நிலைத்தது. சில ஆண்டுகளுக்குள் அந்தக் கம்பெனி வேறொருவர் கைக்கு மாறி மறைந்து போயிற்று, அணியோ அழியவில்லை. பணமுடை வந்தபோது 1923 இல் ஊர்மக்களே ஒவ்வொன்றும் 5 டாலர் விலையுள்ள பங்குகளை வாங்கி அணியைத் தங்கள் உடைமையாக்கிக்கொண்டார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் ஜனங்களே உள்ள அச்சிறிய நகரம், பெருநகரங்களின் கோடீசுவரர்கள் நடத்தும் அணிகளோடு நூறாண்டுகளாகச் சமானமாய் ஆடிவருகிறது.

ஆலையூர் மனிதனுடைய வாழ்க்கையாகவே லைன்பேக்கரின் வாழ்க்கை இருந்ததற்கு, சக் பெட்னாரிக் என்பவரைக் காட்டிலும் நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. ஸ்லோவாக்கிய நாட்டிலிருந்து குடியேறி, பென்சில்வேனியாவில் பெத்லஹேம் எஃகு ஆலையில் உழைத்தவரின் மகனாக 1925 இல் பிறந்த அவர், இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டுவீச்சு விமானத்தின் துப்பாக்கி வீரராக 30 முறை பறந்து திரும்பி, பிறகு கலாசாலையில் படித்து, 1949 இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியில் சேர்ந்தார். தாக்கும்போது நடுவரிசையில், தடுக்கும்போது லைன்பேக்கராக, ஆட்டத்தின் முழு நேரமும் களத்தை விட்டு வெளியேறாமல் ஆடிய கடைசித் தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். ஆட்டச் சம்பளம் குடும்பத்துக்குப் போதாமையால், ஆட்டம் இல்லாத மாதங்களில் கான்கிரீட் விற்கும் வேலை பார்த்தார்; ‘கான்கிரீட் சார்லி’ என்று பத்திரிகைகள் அவருக்கு வைத்த பெயர் அந்த வேலையைக் கொண்டே வந்தது. 1960 டிசம்பர் 26 அன்று நடந்த சாம்பியன் ஆட்டத்தின் இறுதி விநாடிகளில், வெற்றிக்கோட்டை நெருங்கிய கிரீன் பே வீரர் ஜிம் டெய்லரை வளைத்துப் பிடித்துக் கீழே தள்ளி, மணி அடிக்கும்வரை எழவிடாமல் அழுத்திக்கொண்டிருந்தார் பெட்னாரிக். 17க்கு 13 என்று ஈகிள்ஸ் வென்றது. அப்போது அவருக்கு வயது 35.

தொலைக்காட்சி வந்து பணம் பெருகியபின், லைன்பேக்கர் கான்கிரீட் விற்க வேண்டியதில்லை என்றாயிற்று. அப்படி மாறிய காலத்தில், நம் தேசத்து ரத்தம் உடைய ஒருவர் அந்த ஸ்தானத்துக்கு வந்தார். பிராண்டன் சில்லர், இந்தியத் தந்தைக்கு மகனாக 1982 அக்டோபர் 21 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்து, தென் கலிபோர்னியாவில் கடலோர ஊரான கார்ல்ஸ்பாடில் வளர்ந்தவர். யு.சி.எல்.ஏ. சர்வகலாசாலையில் ஆடிய அவரை, லீக்கின் அணிகள் கலாசாலை ஆட்டக்காரர்களைச் சுற்றுமுறையில் தெரிந்தெடுக்கும் 2004 ஆம் ஆண்டின் தேர்வில், செயின்ட் லூயி ராம்ஸ் அணி நான்காம் சுற்றில் எடுத்துக்கொண்டது. அந்தத் தேர்வில் 130 ஆவது பெயர் அவருடையது. முதல் சுற்றில் எடுக்கப்படுகிறவர்களைப் போலப் பெரும் புகழும் பெரும் தொகையும் வாசலிலேயே கிடைக்கப்பெறாத இத்தகையவர்கள், ஆண்டுதோறும் புதிதாக வருகிற இளைஞர்களோடு போட்டியிட்டு, தங்கள் இடத்தைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ள வேண்டும். சில்லர் நான்கு பருவங்கள் அதைச் செய்தார். 2008 இல் அவரை அழைத்துக்கொண்டது கிரீன் பே.

ஒரு குமாஸ்தா ஆலை முதலாளியிடம் 500 டாலர் கேட்டு வாங்கித் தொடங்கிய அணியில், எறிபந்தை வாங்க வருகிறவர்களைத் தொடர்ந்து மறிப்பதில் வல்லவர் என்ற பெயர் சில்லருக்கு உண்டாயிற்று. 2010 ஆம் ஆண்டுப் பருவத்தில் பேக்கர்ஸ் அணி முன்னேறிக்கொண்டிருக்கையிலேயே, காயத்தின் காரணமாக அவர் ஆட்டப் பட்டியலினின்று விலக்கப்பட்டார். 2011 பிப்ரவரி 6 அன்று டெக்சாஸ் மாநிலத்து ஆர்லிங்டனில் நடந்த சூப்பர் பௌல் இறுதியாட்டத்தில், இறைச்சி டப்பா ஆலையின் பெயரைத் தாங்கிய அணியும் எஃகுத் தொழிலின் பெயரைத் தாங்கிய பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியும் மோத, 31க்கு 25 என்று பேக்கர்ஸ் வாகை சூடியது. சில்லர் அந்த அணியின் உறுப்பினர்தாம். ஆனால் அன்று களத்தில் இறங்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. சில மாதங்களுக்குள் அணி அவரை விடுவித்தது. ஏழு பருவங்கள் ஆடி முடித்த அவருக்கு அப்போது 28 வயது. வேறெந்த உத்தியோகத்திலும் ஒருவன் காலூன்றத் தொடங்குகிற வயதில் இந்த உத்தியோகம் மனிதனை வெளியே அனுப்பிவிடுகிறது.

வெளியே வந்தபின் நேருகிற துன்பத்தையும் சொல்லாமல் விடலாகாது. சில்லர் வளர்ந்த ஊருக்கு அடுத்த ஊரான ஓஷன்சைடிலிருந்து வந்த ஜூனியர் செயாவ், இருபது பருவங்கள் ஆடிய மாபெரும் லைன்பேக்கர். 2012 மே மாதம் 43 ஆவது வயதில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். தலையில் திரும்பத் திரும்ப விழுந்த அடிகளால் உண்டாகும் சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோய் அவருக்கு இருந்ததென்று மறு ஆண்டு ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். நைஜீரியாவில் பிறந்த மருத்துவர் பென்னெட் ஓமாலு, பிட்ஸ்பர்க்கில் மைக் வெப்ஸ்டர் என்ற ஆட்டக்காரரின் மூளையைச் சோதித்து 2005 இல் வெளியிட்ட கட்டுரைதான் இந்த உண்மையை முதன்முதலில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஆலையில் கை நசுங்கினால் அது தொழிற்காயம் என்று ஒப்புக்கொள்ள முதலாளிகளுக்கு எத்தனை காலம் பிடித்ததோ, ஆட்டத்தில் மூளை கலங்கினால் அதுவும் தொழிற்காயமே என்று ஒப்புக்கொள்ள அந்த லீக்குக்கும் நெடுங்காலம் பிடித்தது.

சில்லர் தம் ஆட்டம் முடிந்தகையோடு, இந்தியாவில் அமெரிக்கக் கால்பந்தை நிலைநாட்ட முற்பட்ட எலீட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா என்ற முயற்சியில் முதலீடு செய்தவர்களுள் ஒருவரானார். மைக் டிட்கா, கர்ட் வார்னர் போன்ற பெயர் பெற்றவர்களும் அதில் சேர்ந்தார்கள். 2011 இல் அறிவிக்கப்பட்ட அந்த லீக்கில் சென்னைக்கென்று ‘சென்னை ஸ்வார்ம்’ என்ற அணியும் இருந்தது. முதற்பருவத்து ஆட்டங்கள் 2012 இல் கொழும்பில் நடத்தப்பட்டு, புனே மராத்தாஸ் அணி கோப்பையை வென்றது. லீக் நெடுநாள் நிலைக்கவில்லை. காரணங்கள் பல இருக்கலாம். என் அபிப்பிராயத்தில் பிரதான காரணம், கிரீன் பேயிலும் டிகேட்டரிலும் நடந்தது இங்கே நடவாமல், வரிசை மாறி நடந்ததே. அங்கே முதலில் ஊரும் ஆலையும் தொழிலாளியும் ஞாயிற்றுக்கிழமையும் இருந்தன. அணி பிறகு வந்தது. லீக் அதற்கும் பிறகு வந்தது. தொலைக்காட்சி கடைசியாக வந்தது. இங்கே தொலைக்காட்சிக்கென்று லீக்கும், லீக்குக்கென்று அணியும் உண்டாக்கப்பட்டு, அணியின் பின்னால் நிற்க ஊர் ஒன்று தேடப்பட்டது.

நம்மிடம் ஏற்கெனவே வேரோடியிருந்த சடுகுடுவோ கிராமத்துப் பொங்கல் விளையாட்டிலிருந்து சரியான வரிசையில் ஏறிவந்தது. ரயில்வேயும் மின்வாரியமும் போலீஸும் வங்கிகளும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கொடுத்துத் தங்கள் அணிகளை வளர்த்தன. மாதச் சம்பளமும் பென்ஷனும் உள்ள அந்த உத்தியோகமே இரண்டு தலைமுறை ஆட்டக்காரர்களுக்கு ஜீவனம் தந்தது. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் பொன் வென்ற இந்திய அணியில் ஆடி, மறு ஆண்டு அர்ஜுனா விருது பெற்ற மணத்தி கணேசன், தூத்துக்குடிச் சீமையில் ஒரு சிற்றூரிலிருந்து வந்தவர். 2014 இல் புரோ கபடி லீக் தோன்றி, 2017 இல் தமிழ் தலைவாஸ் அணியும் சேர்ந்தபோது, அந்த லீக்குக்கு ஆட்டக்காரர்களை வெளிநாட்டு நிபுணர்கள் புதிதாக உருவாக்க வேண்டியிருக்கவில்லை. தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன், தடுப்பாட்டத்தில் ஊறியவர், 2016 இல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வென்றார். அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் இடம்பெற்றார். அவருக்கு அப்போது 41 வயது. சில்லர் 28 வயதில் விட்டுச்சென்ற களத்துக்கு நிகரான களத்தில், அதைவிடப் பதின்மூன்று வயது கூடுதலாக ஒருவர் நின்று ஆளை மறித்தார் என்பது நம் ஆட்டத்தின் இயல்புக்கும் அவருடைய நியமத்துக்கும் ஒருங்கே சாட்சி.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் தொழில்முறை விளையாட்டையே அறியாதது என்று சொல்லிவிட முடியாது. ஹூண்டாய் வருவதற்கு முன்பே, 1990 இல், சென்னை மோட்டார் பந்தயச் சங்கத்தார் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயப் பாதை அமைத்தார்கள். அங்கே பந்தயம் ஓட்டிப் பழகிய கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன், 2005 இல் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்குச் சென்ற முதல் இந்தியரானார். ஆனால் அந்த ஆட்டத்துக்கு வேண்டிய முதலீடு தொழிலாளியின் மகனுக்கு எட்டாதது. இங்குள்ள ஆலைகளும் விளையாட்டுக்காகப் பணம் செலவிடாதவை அல்ல. ஹூண்டாய் நிறுவனம் 2015 இல் அமெரிக்கக் கால்பந்து லீக்கின் அதிகாரபூர்வ கார் நிறுவனமாக ஒப்பந்தம் செய்துகொண்டது. ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கும் அப்பல்லோ டயர்ஸ், மான்செஸ்டர் யுனைடெடுக்கும் சென்னையின் எஃப்.சி.க்கும் ஆதரவளித்து, 2025 இல் இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையில் தன் பெயரைப் பொறித்துக்கொண்டது. ஆலையின் பெயர் எங்கோ ஆடுகிற வீரன் மார்பில் இருக்கிறது. ஆலைக்குள் போல்ட் முறுக்குகிற இளைஞன், போன வருஷம்வரை தன் ஊர் அணியில் கார்னர் நின்றவனாயிருந்தாலும், ஷிப்டு முடிந்து அறைக்குத் திரும்பியபின் கால் நீட்டி ஓட ஒரு களம் இல்லாமல், கைபேசியில் மற்றவர்களின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

2014 நவம்பர் 1 அன்று நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் உற்பத்தி நின்றது. எட்டு ஆண்டுகள் ஆயிரக்கணக்கான இளம் பெண்களும் ஆண்களும் அங்கே உழைத்திருந்தார்கள். கிரீன் பேயின் டப்பா ஆலை மறைந்தபின் அந்த ஊருக்கு மிஞ்சியது போல, இங்கே அந்தத் தொழிலாளர்கள் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ள ஓர் அணியாவது மிஞ்சியிருக்கலாகாதா என்று நான் ஏங்கியதுண்டு. வல்லம் வடகாலிலும் பிள்ளைப்பாக்கத்திலும் இன்னும் புதிய ஆலைகள் எழுந்துவருகின்றன. தொழிலாளர்களுக்கென விடுதிகள் கட்டப்படுகின்றன. அந்த விடுதிகளின் பக்கத்தில் சடுகுடுவுக்கும் கைப்பந்துக்கும் விளக்குப் போட்ட களங்கள் அமையவும், ஆலை ஒவ்வொன்றும் தன் தொழிலாளிகளைக் கொண்டே அணி கட்டி, ஸ்டேலி கொடுத்த இரண்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரமாவது வேலை நேரத்திலிருந்து விட்டுக்கொடுக்கவும், ஒரகடத்து அணியும் இருங்காட்டுக்கோட்டை அணியும் ஞாயிற்றுக்கிழமைகளில் மோதிக்கொள்ளவும், சிப்காட்டும் நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் கூடிப் பேசினால் ஆகாத காரியம் என்று எனக்குத் தோன்றவில்லை.